வளைந்த குழலின் வரலாறு

ஆண்டுதோறும் ஜனவரித் திங்கள் 29ஆம் நாள் மாலையில், தில்லி விஜய் சௌக்கில் படைகளின் வாத்தியக் குழுக்கள் அணிவகுத்து வருவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். மாலை வெயிலில் பளபளக்கும் அந்தப் பித்தளைக் கருவிகளுள் நேராக இருப்பது ஒன்றேனும் உண்டா என்று பார்த்தால், அநேகமாக இல்லை. எல்லாம் வளைந்தும் சுருண்டும் இருக்கின்றன. பிரெஞ்சு ஹார்ன் என்னும் கருவியின் குழலைச் சுருள் நீக்கி நீட்டினால் ஏறத்தாழ 12 அடி நீளம் இருக்கும். அவ்வளவு நீளமான குழலை ஒரு மனிதன் கைக்குள் அடக்கிக்கொண்டு நடக்கிறான். எங்கும் ஒரு நசுங்கல் இல்லை. ஒரு மடிப்பு இல்லை.

இது எளிய செயலாகத் தோன்றலாம். நம் வீட்டில் ஒரு செப்புக் குழாயை எடுத்து முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை விளங்கும். நாமும் ஒரு முறை அவ்வாறு செய்து பார்த்தோம். குழாய் முதலில் பணிவுடன் வளைந்தது. பிறகு, எச்சரிக்கை ஏதுமின்றி, ஓரிடத்தில் சட்டென்று தட்டையாகி மடிந்துவிட்டது. அந்த மடிப்பை நிமிர்த்த முயன்றபோது அவ்விடத்தில் கீறல் கண்டது. குழாய் வீணாயிற்று. அந்தச் சிறு தோல்விதான் இந்த வரலாற்றைத் தேட நம்மைத் தூண்டியது.

குழல் ஏன் மடிகிறது? அரை அங்குல விட்டமுள்ள ஒரு குழலை, அதன் மையக்கோட்டில் 2 அங்குல ஆரம் அமையுமாறு செங்கோணமாக வளைப்பதாகக் கொள்வோம். வளைவின் வெளிப்புறம் ஏறத்தாழ 3.53 அங்குலம் நீள வேண்டும், உட்புறமோ 2.75 அங்குலமாகக் குறுக வேண்டும். வெளிப்புற உலோகம் இழுபட்டு மெலிகிறது. உட்புற உலோகம் நெருக்குண்டு சுருங்குகிறது. இரு பக்கங்களும் தம் வேதனையிலிருந்து தப்ப ஒரே வழியைத்தான் காண்கின்றன: குழலின் நடுவை நோக்கி நகர்ந்துவிடுவது. வட்டமாயிருந்த குழல் முட்டை வடிவமாகிறது. வட்டம் குலையக் குலையக் குழலின் உறுதியும் குறைகிறது. உறுதி குறையக் குறைய வட்டம் மேலும் குலைகிறது. இந்தச் சுழலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும், அந்த எல்லையைத் தாண்டியதும் குழல் ஒரேயடியாக மடிந்துவிடும் என்பதையும் 1927ஆம் ஆண்டில் பிரேசியர் என்ற ஆங்கிலப் பொறியியலார் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் கணக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே கைவினைஞர்கள் மருந்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நாம் வாழும் தில்லியிலிருந்தே தொடங்குவோம். 1648ஆம் ஆண்டில் நிறைவெய்திய செங்கோட்டைக்குள் நுழைந்து சத்தா சந்தையைக் கடந்தால், எதிரே நௌபத் கானா என்னும் முரசு மண்டபம் நிற்கிறது. அங்கே நாள்தோறும் ஐந்து வேளை இசை முழங்கியது. அதற்கு முன்பே, அக்பரின் அவையில் இருந்த அபுல் பசல், தமது அயினி அக்பரி நூலில் அரச வாத்தியங்களை ஒவ்வொன்றாகக் குறித்துள்ளார். கர்ணா என்னும் நீண்ட ஊதுகுழல் பொன், வெள்ளி, பித்தளை முதலிய உலோகங்களால் ஆனது. நான்குக்குக் குறையாமல் அதை ஊதுவார்கள். சிங் என்பது பித்தளையால் பசுவின் கொம்பு வடிவில் செய்யப்பட்டது. இரண்டு இரண்டாக ஊதுவார்கள். நேர்க்குழலும் வளைகுழலும் ஒரே மண்டபத்தில் இடம்பெற்றிருந்தன என்பது இதனால் தெரிகிறது.

இந்த இணையைத் தமிழர்களாகிய நமக்கு எவரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நம் ஊர்க் கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது எக்காளமும் திருச்சின்னமும் நேராக நீண்டு ஒலிக்கின்றன. கொம்பு வளைந்து வானை நோக்குகிறது. இமயமலைச் சாரலில் இமாசலப் பிரதேசத்தார் ஊதும் ரணசிங்கா இந்தக் கொம்பின் உடன்பிறப்பே. அது வளைந்த இரு பகுதிகளை ஒன்றுடன் ஒன்று செருகிச் செய்யப்படுவது. ஒரு விதமாகச் செருகினால் பிறைபோல் அமையும். திருப்பிச் செருகினால் பாம்புபோல் நெளியும். நீளக் குழலை ஒரே வீச்சில் வளைப்பதற்குப் பதிலாக, குறுகிய வளைவுகளைத் தனித்தனியே செய்து இணைப்பது ஒரு வழி என்பதை இக்கருவிகள் காட்டுகின்றன.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். பண்டை உரோமர்கள் கோர்னு என்னும் பெரிய வளைகொம்பை வெண்கலத்தால் செய்து படைகளில் ஊதினர். பொம்பெயி நகரின் இடிபாடுகளில் அத்தகைய கருவிகள் கிடைத்துள்ளன. உரோமப் பேரரசு வீழ்ந்த பிறகு அந்தக் கலை அங்கே நெடுங்காலம் மறைந்துபோயிற்று. இடைக்கால ஐரோப்பியரின் எக்காளங்கள் நேர்க்குழல்களாகவே இருந்தன. ஏறத்தாழ 1400ஆம் ஆண்டையொட்டித்தான் வளைந்த எக்காளம் மீண்டும் தோன்றுகிறது. ஒரு கலை மறைவதற்கும் மறுபடி பிறப்பதற்கும் இடையே பல நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன என்பதை இங்கே சிறிது நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கையோடு கை கற்றுக்கொடுக்கப்படும் வித்தைக்கு அதுதான் ஆபத்து.

பின்னர் ஜெர்மனியிலுள்ள நூரம்பெர்க் நகரம் எக்காளத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. பித்தளைத் தகட்டைச் சுருட்டி, விளிம்புகளைப் பற்றவைத்துக் குழலாக்குவார்கள். அதைக் காய்ச்சி மென்மையாக்குவார்கள். பிறகு குழலுக்குள் உருக்கிய ஈயத்தையோ கீலையோ ஊற்றி நிறைத்து ஆறவிடுவார்கள். இப்போது அது குழலன்று, தடி; வட்டம் குலைய உள்ளே இடமில்லை. வளைத்து முடித்தபின் மீண்டும் சூடாக்கினால், உள்ளிருப்பது உருகி வழிந்துவிடும். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். பித்தளை உருக 900 பாகைக்கு மேல் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில்தான் அந்தத் தொழில் முழுவதும் நின்றது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. ஈயப் புகை உடலில் சேர்ந்து நரம்பையும் குருதியையும் கெடுக்கும் நஞ்சு. அரசவை எக்காளத்தின் இனிய ஓசைக்குப் பின்னால், அந்தப் புகையில் நின்று உழைத்தவர்களின் மூச்சும் இருக்கிறது.

‘உள்ளே நிறைத்தால் வெளியே நசுங்காது’ என்ற இந்த உண்மை நம் வீடுகளுக்குப் புதியதன்று. பாட்டியின் பெட்டியிலிருந்த பழைய வளையலை விற்கவோ மாற்றவோ சென்றால், பொற்கொல்லர் என்ன சொல்வார்? ‘உள்ளே அரக்கு இருக்கிறது, அந்த எடையைக் கழிக்க வேண்டும்’ என்பார். மெல்லிய பொற்றகட்டால் ஆன உட்கூடான நகை நசுங்காமலிருக்க அதனுள் அரக்கை நிறைப்பது நம் நாட்டு வழக்கம். சாந்தினி சௌக்கையடுத்த தரீபா கலான் தெருவில் விற்கப்படும் குந்தன் நகைகளிலும் பொற்கூட்டினுள் அரக்கு இருக்கிறது. எக்காளம் செய்தவனும் நகை செய்தவனும் ஒரே விடையைக் கண்டிருக்கிறார்கள்.

தில்லிக்கு வடகிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மீரட் நகரம் இவ்வரலாற்றின் அடுத்த அத்தியாயம். ஆங்கிலேயரின் பெரிய படைத்தளமாயிருந்த அந்த ஊரில், 1885ஆம் ஆண்டில் படை வாத்தியக் குழுவில் பணியாற்றிய நாதிர் அலி என்பவர் தொடங்கிய நிறுவனம் வாத்தியக் கருவித் தொழிலுக்கு வித்திட்டது. ஜாலி கோட்டிப் பகுதியின் பட்டறைகளில் செய்யப்பட்ட கொம்புகளும் எக்காளங்களும் நாடெங்கும் பரவின. குளிர்காலத்தில் தில்லித் தெருக்களில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னே பேண்டு வாத்தியம் முழங்கிச் செல்லும்போது, அதிலுள்ள பித்தளை அநேகமாக மீரட்டில் வளைந்ததென்று கொள்ளலாம். வெளிநாட்டுப் பெருந்தொழிற்சாலைகளில் இப்போது ஈயத்துக்கு மாற்றாகச் சவர்க்கார நீரைக் குழலில் நிரப்பி உறையவைத்து வளைக்கும் முறையும் உண்டு. பனிக்கட்டியும் ஒரு நிறைபொருளே.

பித்தளையிலிருந்து எஃகுக்கு வருவோம். 1885ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மன்னெஸ்மன் சகோதரர்கள், இணைப்புத் தையல் இல்லாத எஃகுக் குழலைச் செய்யும் முறையைக் கண்டனர். அதே காலத்தில் சைக்கிள் பரவியது. எஃகுக் குழலை வளைக்கும் தேவையும் பெருகியது. 1925ஆம் ஆண்டில் மார்செல் பிராயர் என்ற இளம் கலைஞர், தாம் ஓட்டிய அட்லர் சைக்கிளின் கைப்பிடியைக் கண்டு, ‘இதை வளைக்க முடியுமானால் நாற்காலியையும் ஏன் வளைக்கக்கூடாது?’ என்று எண்ணி எஃகுக் குழல் நாற்காலியைப் படைத்தார். இன்று நம் வீட்டு மொட்டைமாடியில் கிடக்கும் வயர் பின்னிய நாற்காலிக்கு அந்தக் கைப்பிடியே முன்னோர்.

நம் நாட்டில் 1949ஆம் ஆண்டில் சென்னையையடுத்த அம்பத்தூரில் சைக்கிள் ஆலை தோன்றியது. 1955ஆம் ஆண்டில் ஆவடியில் எஃகுக் குழல் ஆலையும் எழுந்தது. தில்லிக்கு அருகே சோனிப்பத்தில் 1951ஆம் ஆண்டில் மற்றொரு சைக்கிள் ஆலை தொடங்கப்பட்டது. அந்நாளில் கரோல்பாகிலிருந்து மத்திய அரசு அலுவலகங்களுக்குச் சைக்கிளில் சென்ற தமிழ் எழுத்தர்கள் பலர். அவர்கள் கை பற்றியிருந்த வளைவிலும் இந்த வரலாறு இருந்தது. ஆலைகளில் வளைக்கும்போது குழலுக்குள் ஓர் எஃகுத் தண்டைச் செலுத்தி வைக்கிறார்கள். வளைவு முன்னேற, தண்டு உள்ளிருந்து சுவரைத் தாங்குகிறது. கருவி மாறியது, கருத்து மாறவில்லை.

இவ்வளவும் அறிந்தபின் நம் வீட்டுச் செப்புக் குழாய்க்குத் திரும்புவோம். நமக்கு ஈயம் வேண்டாம், பனி வேண்டாம். யமுனை மணல் போதும். தேவையானதைவிடச் சற்று நீளமான குழாயை எடுத்து, வளைய வேண்டிய இடத்தை மங்கிய செந்நிறம் வரும்வரை காய்ச்சி ஆறவிட்டால் செம்பு மென்மையாகும். நுண்மணலைச் சலித்து, இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்து ஆறவைக்க வேண்டும். குழாயின் ஒரு முனையை மர ஆப்பால் அடைத்து, மணலைச் சிறிது சிறிதாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் பக்கத்தில் தட்டித் தட்டி இறக்க வேண்டும். இனித் தட்டினாலும் மணல் இறங்காது என்ற நிலை வந்தபின் மறு முனையையும் இறுக அடைக்கலாம். பிறகு, குழாய் பதியுமாறு விளிம்பில் பள்ளம் வெட்டிய வட்ட மரத்தின்மேல் வைத்து, அவசரமின்றி வளைக்க வேண்டும். வளைவின் ஆரம் குழாயின் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாதிருப்பது நல்லது. இணைப்புத் தையலுள்ள குழாயாயின், அந்தத் தையல் உட்புறத்திலோ வெளிப்புறத்திலோ படாமல் பக்கவாட்டில் அமையட்டும்; அங்கேதான் உலோகம் நீளுவதுமில்லை, சுருங்குவதுமில்லை. கையை எடுத்தால் குழாய் சற்று நிமிரும். ஆதலால் வேண்டிய அளவுக்குச் சிறிது கூடுதலாக வளைக்க வேண்டும். முடிந்தபின் மணலைக் கொட்டி, உட்புறத்தை நன்கு கழுவிவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். இரும்புக் குழாயைச் சிலர் மணல் நிறைத்தபடியே தீயிலிட்டு வளைப்பார்கள். மணலில் ஈரம் இருந்தால் அது நீராவியாகும். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். இரு முனையும் அடைபட்ட குழாயில் அதற்கு வழி ஏது? ஆப்பு குண்டுபோல் பாயும். குழாயே வெடிக்கவும் கூடும். வறுத்த மணலும், ஓர் ஆப்பில் ஊசித்துளையும் இன்றி அடைத்த குழாயைத் தீயருகே கொண்டுபோகவே கூடாது. துத்தநாகம் பூசிய குழாயைக் காய்ச்சவும் கூடாது. அதன் புகை காய்ச்சலையும் இருமலையும் உண்டாக்கும்.

மணலை வறுக்க வேண்டும் என்ற அந்த ஒரு சொல்லின் பின்னால், வறுக்காமல் வைத்துக் காயம்பட்டவர்களின் அனுபவம் இருக்கிறது. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அக்பரின் அவையில் ஊதியது எதுவென்று அபுல் பசல் எழுதிவைத்தார். அதை வளைத்தவர் எவர் என்று எழுதவில்லை. தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் நாம், அடுத்த முறை ஊர் சென்று திருவிழாவில் கொம்பொலி கேட்கும்போது, ஊதுபவரைப் பார்த்தபின் அந்த வளைவையும் ஒரு கணம் பார்ப்போம். இயன்றால் அதைச் செய்தவர் எங்கிருக்கிறார் என்று விசாரித்து, அவர் எதை நிறைத்து வளைக்கிறார் என்று கேட்டு எழுதிவைப்போம். ஐரோப்பா பல நூற்றாண்டுகள் இழந்து தவித்ததை நாம் இழக்காதிருக்க, அவ்வளவேனும் செய்யலாம்.