பிரெஞ்சு முடியரசின் கடனும் திருச்சபையின் வரிவிலக்கும்

ஒரு நாட்டின் கருவூலம் வறண்டுபோவதற்கு அரண்மனையின் ஆடம்பரமே காரணம் என்று கூறிவிடுதல் எளிது. 1789-ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி நம் பள்ளிப் பாடநூல்கள் பெரும்பாலும் அவ்வாறே கூறிவந்துள்ளன. வெர்சாய் மாளிகையின் கேளிக்கைகளும் அரசி மரி அந்துவானெத்தின் அணிகலன்களும் நாட்டைக் கடனில் ஆழ்த்தின என்று நாமும் மாணவப் பருவத்தில் கற்றோம். ஆயின், அரசின் கணக்கேடுகளே வேறொரு செய்தியை நமக்கு உணர்த்துகின்றன. 1788-ஆம் ஆண்டுக்கென வகுக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில் வரவு ஏறத்தாழ 50 கோடி லீவ்ர். செலவு ஏறத்தாழ 63 கோடி லீவ்ர். (லீவ்ர் என்பது அந்நாளைய பிரெஞ்சு நாணயக் கணக்கு.) இச்செலவில் அரசவைக்கென ஒதுக்கப்பட்டது நூற்றுக்கு ஆறு பங்கு அளவே. தரைப்படை, கடற்படை, அயல்நாட்டுறவு ஆகியவற்றிற்கு நான்கில் ஒரு பங்கிற்குச் சற்று மேல். பழைய கடன்களின் வட்டிக்கும் தவணைக்கும் மட்டும் செலவில் சரிபாதி சென்றது.

ஐரோப்பாவில் மக்கட்தொகையும் நிலவளமும் மிக்கிருந்த ஒரு நாடு இந்நிலையை எய்தியது எங்ஙனம்? அந்நாட்டுத் திருச்சபை இதில் வகித்த பங்கு யாது? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம். பின்னைய வினா குருத்துவப் பணியில் உள்ளோரும் அதற்கென ஆயத்தமாவோரும் விலக்கிச் செல்லக்கூடாத ஒன்றாகும்.

1. சுமையும் விலக்கும்

அந்நாளைய பிரான்சின் முதன்மையான நேர்முக வரியைப் பெரும்பாலும் குடியானவரே செலுத்தினர். உயர்குடியினரும் குருமாரும் அவ்வரியினின்று விலக்குப் பெற்றிருந்தனர். பல நகரங்களும் விலக்கை விலைகொடுத்துப் பெற்றிருந்தன. பின்னர் விதிக்கப்பட்ட தலைவரி, இருபதில் ஒரு பங்கு வரி ஆகியவற்றை உயர்குடியினரும் செலுத்த வேண்டியிருந்தது மெய்யே. எனினும் தங்கள் செல்வாக்கினால் அவர்கள் அதனைப் பெரிதும் குறைத்துக்கொண்டனர். உப்பு வரியோ மாநிலத்திற்கு மாநிலம் வேறுபட்டது. பிரித்தானி மாநிலம் அதிலிருந்து விலக்குப் பெற்றிருக்க, அதன் எல்லைக்கு அப்பால் இருந்தோர் பன்மடங்கு விலைகொடுத்து உப்பு வாங்கினர். ஆதலின் கள்ளக்கடத்தல் பெருகியது. அதனைத் தடுக்க ஆயுதந்தாங்கிய காவற்படை ஒன்று வேண்டியதாயிற்று. இம்மறைமுக வரிகளை அரசு தானே தண்டவில்லை. முதலாளிகளின் குழு ஒன்றிற்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. குத்தகைத் தொகைக்கு மேல் தண்டியதில் பெரும்பகுதி அக்குழுவினர்க்கே ஊதியமாயிற்று.

இம்முறை நீடிக்கலாகாது என்று உரைத்த அறிஞர் முன்னரே இருந்தனர். பதினான்காம் லூயியின் படைத்தலைவரும் கோட்டைகள் அமைப்பதில் வல்லவருமான வோபான் 1707-இல் ஒரு நூல் வெளியிட்டார். விலக்குகள் யாவற்றையும் நீக்கி, ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கேற்ப ஒரே விதமாக வரி செலுத்தவேண்டும் என்பது அவர்தம் கருத்து. நூல் தடைசெய்யப்பட்டது, அவ்வாண்டிலேயே அவரும் காலமானார்.

இங்கு ஓர் ஒப்புநோக்கு பயன் தரும். 1780-ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் கடன் பிரான்சின் கடனைவிடக் குறைந்ததன்று. ஆங்கிலேயர் தலைக்குச் செலுத்திய வரியோ பிரெஞ்சுக்காரர் செலுத்தியதைவிட மிகுதி. ஆயினும் இங்கிலாந்து குறைந்த வட்டியில் கடன் பெற்றது. பிரான்சு அதனினும் மிக உயர்ந்த வட்டி கொடுத்தது. ஆங்கிலப் பாராளுமன்றம் ஆண்டுதோறும் கணக்கை ஆராய்ந்து வரியை ஒப்புக்கொண்டது. நிலவரியைப் பிரபுக்களும் செலுத்தினர். குருமாரும் 1664 முதல் ஏனையோரைப் போலவே வரி செலுத்தினர். யாருடைய வரவிலிருந்து தன் கடன் தீரும் என்பதனைக் கடன் கொடுப்பவன் அங்கு அறிந்திருந்தான்.

2. குருமாரின் “மனமுவந்த கொடை”

பிரான்சின் கத்தோலிக்கத் திருச்சபை நாட்டின் நிலத்தில் பத்தில் ஒரு பங்கிற்கு நெருங்கிய அளவை உடைமையாகக் கொண்டிருந்தது. மேலும் விளைச்சலில் தசமபாகமும் பெற்றது. வரி என்னும் பெயரால் அது அரசுக்கு ஒன்றும் செலுத்தவில்லை. அதற்கு மாறாக, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பொதுவாகக் கூடிய குருமார் பேரவை தானே ஒரு தொகையை உறுதிசெய்து, “மனமுவந்த கொடை” என்ற பெயரால் அரசனுக்கு அளித்தது. கடவுளுக்கும் ஏழைகளுக்குமென அர்ப்பணிக்கப்பட்ட சொத்தின்மேல் உலக அரசன் வரி விதித்தல் தகாது என்பது அவர்களுடைய வாதம்.

இவ்வாதத்தை நாம் எளிதில் எள்ளி நகையாடலாகாது. கல்விச்சாலைகளும் மருத்துவ இல்லங்களும் ஏழைகளுக்கான அறப்பணியும் அக்காலத்தில் பெரும்பாலும் திருச்சபையின் பொறுப்பிலேயே இருந்தன. குருமார் பேரவை கணக்கை ஒழுங்காகப் பேணியதால், அரசனைவிடக் குறைந்த வட்டியில் அதனால் கடன் பெற முடிந்தது. அக்கடனைக் கொண்டே பெரும்பாலும் கொடை அளிக்கப்பட்டது. ஆயின், அக்கடனுக்கான வட்டியைத் திருச்சபைக்குள் பங்கிட்ட விதத்தில் நீதி காணப்படவில்லை. பெரிய மடங்களின் தலைவர்களும் ஆயர்களும் இலகுவாகத் தப்ப, சிற்றூர்ப் பங்குக் குருமார்மீது சுமை அழுத்தியது. இக்குருமாரில் பலர் தங்கள் பங்கின் தசமபாகத்தைத் தாமே பெற்றதில்லை; அதனை வேறொரு மடமோ பேராலயமோ பெற்றுக்கொண்டு, குருவானவருக்கு வாழ்க்கைப்படி மட்டும் அளித்தது. 1768-இல் அது ஆண்டுக்கு 500 லீவ்ர் என்றும், 1786-இல் 700 லீவ்ர் என்றும் வரையறுக்கப்பட்டது. செல்வமிக்க ஆயர்களோ ஆண்டுக்கு இலட்சக்கணக்கில் வருவாய் பெற்றனர்.

1749-இல் நிதியமைச்சர் மஷோ, இருபதில் ஒரு பங்கு வரியை அனைவர்க்கும் பொதுவாக விதிக்க முனைந்து, குருமாரும் தங்கள் வருமானத்தை அறிக்கையிடவேண்டும் எனக் கோரினார். பேரவை மறுத்தது. தொகையைக் கொடுப்பதைக் காட்டிலும் கணக்கைக் காட்டுவதே அவர்களுக்கு அரிதாயிருந்தது. 1751-இன் இறுதியில் அரசன் பணிந்தான். திருச்சபை வென்றதாகவே அன்று பலர் மகிழ்ந்தனர்.

3. தூர்கோவும் நெக்கரும்

1774-இல் பதினாறாம் லூயி அரியணை ஏறியபோது தூர்கோ நிதிப்பொறுப்பை ஏற்றார். கடனைத் தள்ளுபடி செய்வதில்லை, வரியை உயர்த்துவதில்லை, புதுக்கடன் வாங்குவதில்லை என்ற மூன்று கொள்கைகளை அரசனுக்கு எழுதி, செலவைச் சுருக்குதல் ஒன்றே வழி என அவர் வலியுறுத்தினார். சாலைகள் அமைக்கக் குடியானவரிடம் கூலியின்றி வாங்கப்பட்ட உழைப்பை நீக்கி, அதற்கு ஈடாக நிலமுடையோர்மீது ஒரு வரி விதிக்க 1776-இல் ஆணை பிறப்பித்தார். எதிர்ப்புப் பொங்கியது, அவ்வாண்டு மே மாதத்தில் அவர் நீக்கப்பட்டார். அமெரிக்கக் குடியேற்றங்களின் போரில் தலையிட்டால் நாட்டின் நிதிநிலை சீர்படாது என்று அவர் விடுத்த எச்சரிக்கையும் புறக்கணிக்கப்பட்டது.

1778-இல் பிரான்சு அப்போரில் இறங்கியது. அதன் செலவு நூறு கோடி லீவ்ருக்கும் மேற்பட்டது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. அப்போரின் ஒரு களம் நம் கரையோரமே. கடற்படைத் தலைவர் சுஃப்ரன் 1782, 1783-ஆம் ஆண்டுகளில் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திரிகோணமலை, கடலூர் ஆகிய இடங்களுக்கருகில் ஆங்கிலக் கப்பற்படையுடன் பொருதார். வீரத்திற்குக் குறைவில்லை, 1783-இன் உடன்படிக்கையால் புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமானது. ஆனால் அவ்வெற்றிகளின் விலையைப் பிரான்சு அன்று செலுத்தவில்லை. பின்வந்த ஆண்டுகளின்மேல் அதனை ஏற்றிவைத்தது.

அவ்வாறு ஏற்றிவைத்தவர் நெக்கர். ஜெனிவாவில் பிறந்த இவர் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தவர். நாந்துக் கட்டளை 1685-இல் நீக்கப்பட்டபின் அந்நாட்டில் நம் மரபினர்க்குக் குடியுரிமை நிலை இல்லாதிருந்தமையால், நிதியமைச்சர் என்ற பட்டம் அவருக்கு மறுக்கப்பட்டு, நிதித்துறையின் தலைமை இயக்குநர் என்ற பெயரே வழங்கப்பட்டது. பயனற்ற பதவிகளைக் குறைத்ததில் அவர் நன்மை செய்தார். போர்ச்செலவிற்கோ புதுவரி விதிக்காமல் கடன்மேல் கடன் வாங்கினார். அத்தொகை ஐம்பது கோடி லீவ்ரைக் கடந்தது. பணம் கொடுத்தவருக்கு, தாம் பெயர் குறிக்கும் ஒருவர் உயிரோடிருக்கும்வரை ஆண்டுதோறும் ஒரு தொகை என்ற முறையில் கடன் பத்திரங்கள் விற்கப்பட்டன. குறிக்கப்படுபவரின் வயதை அரசு கருதவில்லை. ஜெனிவா வங்கியாளர்கள் உடல்நலம் மிக்க இளஞ்சிறுமியர் முப்பதுபேரைத் தெரிந்தெடுத்து, அவர்கள் பெயரால் பத்திரங்களை வாங்கிக் குவித்தனர். அச்சிறுமியர் நெடுநாள் வாழ்வர். அரசும் நெடுநாள் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

1781-இல் நெக்கர் அரசின் கணக்கை முதன்முறையாக அச்சிட்டு வெளியிட்டார். பல்லாயிரம் படிகள் விற்றன. வரவு செலவைவிட ஒரு கோடி லீவ்ர் மிகுந்துள்ளது என அது கூறியது. வழக்கமான வரவுசெலவை மட்டும் கருதினால் அக்கூற்றிற்கு ஆதரவு தேடலாம். போர்ச்செலவு முழுவதும் அதில் விடப்பட்டிருந்தது. கணக்கை மக்கள்முன் வைத்தது அவர்தம் சிறப்பு. முழுக்கணக்கையும் வையாமை அவர்தம் குறை. அவர் நம் மரபினர் என்பதற்காக நாம் அதனை மறைத்துரைத்தல் தகாது. நாடு நலமாயுள்ளது என்று நம்பிய மக்கள், பின்வந்தவர் உண்மையை உரைத்தபோது ஏற்க மறுத்தமைக்கு இவ்வறிக்கையும் ஒரு காரணமாயிற்று.

4. இறுதி வாய்ப்பு

அப்படி உண்மையை உரைக்க நேர்ந்தவர் கலோன். 1783-இல் பதவியேற்று, தாமும் மூன்றாண்டுகள் தாராளமாகக் கடன்வாங்கிச் செலவிட்டபின், 1786 ஆகஸ்டில் நிலைமையை அவர் அரசனிடம் ஒப்புக்கொண்டார். ஆண்டுப் பற்றாக்குறை 11 கோடி லீவ்ருக்கு மேல் என்பது அவர் கணக்கு. உயர்குடியினர், குருமார் என்ற வேறுபாடின்றி நிலமுடையோர் அனைவரும் செலுத்தும் ஒரே நிலவரியை அவர் முன்மொழிந்தார். அதனை ஆராய 1787 பெப்ருவரியில் 144 பெருமக்கள் அடங்கிய அவை கூட்டப்பட்டது. அவையிலிருந்த ஆயர்கள் எதிர்ப்பில் முன்னின்றனர். ஏப்பிரலில் கலோன் வீழ்ந்தார்.

எதிர்த்தவர்களுள் தலையாயவர் தூலூசின் பேராயர் லொமெனி தெ பிரியேன். அவரே கலோனைத் தொடர்ந்து நிதிப்பொறுப்பை ஏற்றார். கணக்குகளைக் கண்டபின், தாம் எதிர்த்த அந்நிலவரியையே சிறு மாற்றங்களுடன் தாமே கோரவேண்டியவரானார்! உயர்நீதிமன்றங்கள் அதனைப் பதிவுசெய்ய மறுத்தன. 1788-இல் அவர் தம் உடன்குருமாரின் பேரவையை அணுகி 80 இலட்சம் லீவ்ர் வேண்டினார். அவர்கள் அளிக்க இசைந்தது 18 இலட்சமே. ஆகஸ்டு 8-ஆம் நாள், மூன்று வகுப்பாரின் பேரவையை மறு ஆண்டு கூட்டுவதாக அரசு அறிவித்தது. ஆகஸ்டு 16-ஆம் நாள் கருவூலம் தன் கொடுப்பனவுகளில் ஒரு பகுதியை நிறுத்தியது.

5. விளைவு

1789 மே மாதம் வெர்சாயில் பேரவை கூடியபோது, குருமார் வகுப்பின் பிரதிநிதிகளுள் பெரும்பாலோர் அந்த 700 லீவ்ர் படியினை அறிந்த பங்குக் குருமாரே. சூன் 13-ஆம் நாள் புவாத்து மாநிலத்துக் குருமார் மூவர் தம் ஆயர்களைவிட்டுப் பொதுமக்கள் பிரதிநிதிகளுடன் சென்றமர்ந்தனர். ஆறு நாட்களுக்குப்பின் குருமார் வகுப்பே சிறு பெரும்பான்மையால் அவ்வழி செல்லத் தீர்மானித்தது. மேல்நிலையில் இருந்தோர் மறுத்த பகிர்வைக் கீழ்நிலையில் இருந்தோர் நாடினர்.

ஆகஸ்டில் தசமபாகம் ஒழிக்கப்பட்டது. அக்டோபரில், திருச்சபையின் சொத்தைக் கொண்டு நாட்டின் கடனைத் தீர்க்கலாம் என்ற முன்மொழிவு எழுந்தது. அதனை முன்மொழிந்தவரும் ஓர் ஆயரே: ஓத்தானின் ஆயர் தலேரான். நவம்பர் 2-ஆம் நாள் அச்சொத்துக்கள் யாவும் நாட்டின் பொறுப்பிற்கு மாற்றப்பட்டன. ஓராண்டிற்கு முன் 80 இலட்சம் தர மறுத்த திருச்சபை, இப்போது அனைத்தையும் இழந்தது. வழிபாட்டின் செலவையும் ஏழைகளின் பராமரிப்பையும் நாடே ஏற்கும் என்று கூறப்பட்டது. 1790-இல் குருமார் அரசின் சம்பளக்காரராயினர். அதனை ஒட்டியெழுந்த உறுதிமொழியால் திருச்சபை இரண்டாகப் பிளந்தது.

இவ்வாறு பறிக்கப்பட்ட சொத்தேனும் நாட்டைக் கடனிலிருந்து மீட்டதா? இல்லை. அதன் மதிப்பை ஈடாக வைத்து முதலில் 40 கோடி லீவ்ருக்கு அசிஞ்ஞா என்னும் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. விரைவில் அவை காகிதப் பணமாயின. 1792-இல் போர் மூண்டபின் அச்சகம் ஓயவில்லை. 1796-இன் தொடக்கத்திற்குள் வெளியிடப்பட்டவை 4,500 கோடி லீவ்ர் அளவினை எட்டின. நூறு லீவ்ர்த் தாளுக்கு ஒரு லீவ்ர் மதிப்பும் இல்லாதுபோகவே, பிப்ரவரியில் அச்சுத்தகடுகள் பாரிசு நகரில் வெளிப்படையாக அழிக்கப்பட்டன. 1797-இல் அரசு தன் கடனில் மூன்றில் இரண்டு பங்கினை நடைமுறையில் துடைத்தெறிந்தது. கூலிக்காரரும் சிறுசேமிப்பாளரும் பட்ட துன்பம் பெரிது.

6. நாம் கருதவேண்டியவை

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் மொழி. அளப்பதற்கு முழுக்கணக்கு வேண்டும். கோபுரம் கட்டப் புகுமுன் செலவைக் கணக்கிடும் மனிதனைப்பற்றி லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறிய உவமை சீடத்துவத்தைக் குறித்ததே. எனினும் கணக்கிடாதவன் நகைப்பிற்கிடமாவான் என்ற உலக அனுபவமே அதற்கு அடிப்படை. வோபான் முதல் கலோன் வரை உண்மைக் கணக்கை உரைத்தவர் ஒவ்வொருவரும் தள்ளப்பட்டனர்.

மேலும், வரவிற்குள் வாழ்தல் என்பது செலவைக் குறைப்பதோடு முடிவதன்று. பிரான்சில் வரவு இருந்தது. அதனை உடையோர் தர மறுத்தனர். தர இயலாதவரிடம் மேலும் பெற முயன்றும், பிறக்காத தலைமுறையின்மேல் கடனை ஏற்றியும் அரசு காலங்கடத்தியது. சிக்கனம் எங்கே தேவை என்று கேட்குமுன், சுமையை யார் தாங்குகின்றனர் என்று கேட்பது திருமறையின் தீர்க்கர் மரபில் வந்தோர்க்குரிய கடமையாகும்.

இறுதியாக, இது நம் இல்லத்திற்குள்ளும் வரவேண்டிய வினா. நம் சபைகளின் அறநிறுவனங்களும் நம் நாட்டில் வரிச்சலுகை பெறுகின்றன. அறப்பணியின் பொருட்டு அது தரப்படுவதால், அப்பணி நடைபெறுவதைக் கணக்கால் காட்டுதல் நம் பொறுப்பு. சிற்றூர்ச் சபையின் ஊழியர் பெறும் படி எவ்வளவு, பேராலயத்தின் கட்டடத்திற்குச் செல்வது எவ்வளவு, இவற்றைத் தீர்மானிப்போர் யாவர் என்பனவற்றை நம் பேரவைகள் வெளிப்படையாக ஆராயட்டும். பிறர் வந்து நம் ஏடுகளைத் திறக்கும்வரை காத்திராது, இவ்வாண்டுக் கூட்டத்திலேயே அவற்றை நாமே சபையார்முன் திறந்து வைப்போமாக.