ரதம்னு பேர் வச்ச வேன்

ஜூஜுவாடி செக்போஸ்ட் பக்கம் நின்னா, கட்டில், அடுப்போட பெங்களூர்லருந்து வர்ற கேம்பர் வேன் ஒண்ணாவது கண்ணுல படும். இன்ஸ்டாகிராம் காலத்து ஆசைன்னு நினைப்போம். ஆனா கிருஷ்ணகிரியைத் தாண்டினா கொஞ்ச தூரத்துல வர்ற ஆந்திராவுல, 1982-லயே ஒருத்தர் வேன்ல குடியிருந்து ஊர் சுத்தினார். என்.டி.ராமராவ். நம்ம 'கர்ணன்' படத்துல கிருஷ்ணரா வந்தாரே, அவரேதான்.

மார்ச் 29 அன்று தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கினார். ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். புதுக் கட்சிக்கு ஊருக்கு ஊர் ஆபீஸ் ஏது? ஒரு பழைய செவ்ரோலே வேனை மாத்தியமைச்சு, 'சைதன்ய ரதம்'னு பேர் வச்சார். மேலே ஏறினா மேடை, உள்ளே போனா படுக்கை. டிரைவர், மகன் ஹரிகிருஷ்ணா. குளியல், சாப்பாடு எல்லாம் ரோட்டோரம். திரையில கடவுளா பார்த்தவர் தெருவுல குளிக்கிறதைப் பார்த்தப்புறம் ஜனங்களுக்குத் தனியா பிரச்சாரம் எதுக்கு? இது என் கருத்து, சண்டைக்கு வராதீங்க.

ஒன்பதே மாசம். 294 தொகுதியில 200-க்கு மேல ஜெயிச்சு, 1983 ஜனவரி 9-ல் முதல்வர் ஆனார்.

ஹரிகிருஷ்ணா 2018 ஆகஸ்ட்டில், நல்கொண்டா பக்கத்துல நடந்த கார் விபத்தில் இறந்தார். அன்னிக்கும் வண்டியை ஓட்டினது அவர்தான்.