பழைய கணிப்பொறியும் புதிய அட்டையும்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே சித்தன்னவாசல் குன்றின்மேல் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை ஒன்று உள்ளது. அங்குள்ள கற்படுக்கை ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியவை என்பது எழுத்தாய்வாளர் கருத்து. கல்லில் நின்ற தமிழ் பின்னர் ஓலையில் ஏறிற்று. 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சேறிற்று. சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கணிப்பொறியின் திரைக்கும் வந்து சேர்ந்தது. கல்லுக்கு உளியும், ஓலைக்கு எழுத்தாணியும், அச்சுக்கு ஈய எழுத்தும் துணைநின்றன. திரைக்குத் துணைநின்ற கருவி எது? கடைத்தெருவில் கிராபிக்ஸ் கார்டு என்றும், நூல்களில் வரைகலை அட்டை என்றும் வழங்கும் சிறு பலகையே அது. பழைய கணிப்பொறியில் அந்த அட்டையை மாற்றிப் புதியது பொருத்தலாமா என்று பலரும் வினவும் இந்நாளில், அதன் வரலாற்றை அறிவது பயன்தரும்.

கணிப்பொறியினுள் கணக்கிடும் உறுப்பு வேறு. கணக்கின் முடிவைத் திரையில் ஒளிப்புள்ளிகளாக வரையும் உறுப்பு வேறு. 1981ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் மேசைக் கணிப்பொறியை வெளியிட்டபோது, இவ்விரண்டாம் உறுப்பை உள்ளேயே பிணைத்துவிடவில்லை. தாய்ப்பலகையில் ஐந்து செருகு துளைகளை அமைத்து, வேண்டிய அட்டையை வாங்குவோரே செருகிக் கொள்ளுமாறு விட்டனர். பொறியின் அமைப்பு விவரங்களையும் நூலாக வெளியிட்டனர். ஆகவே பிறரும் அதற்கேற்ற அட்டைகளைச் செய்ய வழி பிறந்தது.

அந்நிறுவனம் அப்போது இருவகை அட்டைகளை அளித்தது. ஒன்று எழுத்துகளை மட்டும் காட்டுவது. வரிக்கு 80 எழுத்தாக 25 வரிகளை அது தெளிவாகக் காட்டும். ஆனால் 256 வடிவங்கள் ஒரு சில்லில் நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குப் புறம்பான ஒரு கோட்டையும் அதனால் இழுக்க இயலாது. மற்றொன்று படம் வரையவல்லது. எனினும் அதன் உயர்ந்த அளவு 640க்கு 200 புள்ளிகளே. எழுத்துகள் கரடுமுரடாகத் தோன்றின. தெளிவு வேண்டுவோர் ஆங்கிலத்தோடு நிற்க வேண்டும். தம் மொழியை வேண்டுவோர் தெளிவை இழக்க வேண்டும். இதுவே அன்றைய நிலை.

இந்நிலையை மாற்றியவர் தாய்லாந்து நாட்டினரான வான் சுவன்னுகுல் என்பவர். தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தாய் எழுத்தில் எழுத விழைந்தே அவர் புதிய அட்டையை வடிவமைத்தார் என்று கூறுவர். 1982இல் வெளிவந்த அவ்வட்டைக்கு ஹெர்குலிஸ் என்று பெயர். அது 720க்கு 348 புள்ளிகளைக் காட்டிற்று. அதாவது 2,50,560 புள்ளிகளில் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏற்றவும் அணைக்கவும் முடிந்தது. கணிப்பொறியை மாற்ற வேண்டியதில்லை. எழுத்துத் திரையையும் மாற்ற வேண்டியதில்லை. ஓர் அட்டையை எடுத்து மற்றோர் அட்டையைச் செருகியதும் அதே பொறி புதுத்திறன் பெற்றது. தாய் எழுத்தைப் போலவே நம் எழுத்திலும் உயிர்க்குறிகள் மெய்க்கு முன்னும் பின்னும் மேலும் கீழும் அமைவன. ஆதலால் அங்கே எழுந்த தேவை நமக்கும் உரியதாயிற்று.

நம் நாட்டில் இத்தேவையை நிறைவுசெய்தது ஜிஸ்ட் என்னும் அட்டை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1980களில் நடந்த ஆய்வில் அதன் வேர் உள்ளது. 1988இல் புனேயில் நிறுவப்பெற்ற சி-டாக் என்னும் மையம் அதனை வளர்த்துப் பரப்பியது. ஆங்கிலத்துக்கென்றே செய்யப்பட்ட பழைய கணிப்பொறியில் அவ்வட்டையைச் செருகினால், அதே மென்பொருள்களில் தமிழையும் பிற இந்திய மொழிகளையும் எழுதலாம். அது செய்த பணியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். 'கொ' என்னும் எழுத்தைக் கொள்வோம். நினைவகத்தில் ககர மெய்க்கு ஒரு குறியெண்ணும், அதனை அடுத்து ஒகர உயிர்க்குறிக்கு ஓர் எண்ணும் நிற்கும். திரையிலோ கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து தோன்ற வேண்டும். எண்ணை வடிவாக்கும் இந்த வேலையை அட்டையே செய்தது. இத்தகைய குறியெண் முறையை 1991இல் இந்தியத் தர நிறுவனம் நாட்டின் தரமாக ஏற்றது. அதே ஆண்டில் வெளிவந்த யூனிகோடு என்னும் உலகக் குறியீட்டில் தமிழுக்குரிய வரிசையும் அம்முறையின் முந்தைய வடிவை ஒட்டியே அமைந்தது. பின்னர் விண்டோஸ் 2000 போன்ற இயக்க மென்பொருள்களே எழுத்தை வடிவாக்கும் பணியை மேற்கொண்டன. தமிழுக்கெனத் தனி அட்டை வேண்டிய காலம் அத்துடன் கழிந்தது.

இவ்வரலாறு புலப்படுத்தும் உண்மை ஒன்று உண்டு. தேவை முதலில் எழுந்தது. அட்டை அதன்பின் வந்தது. இன்று இம்முறையை நாம் தலைகீழாக்கி, அட்டையை வாங்கிய பின் தேவையைத் தேடுகிறோம். தமிழில் கடிதம் எழுதவும், மாணவர் பாடங்களைப் படிக்கவும், தாய்ப்பலகையிலோ செயலியிலோ அமைந்த வரைதிறனே போதும். பொறி மந்தமாக இயங்குமாயின், நினைவகத்தைக் கூட்டுவதும், சுழலும் வன்தட்டுக்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. பொருத்துவதுமே பெரும்பாலும் தக்க மருந்தாகும். காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைபடம், பெரிய விளையாட்டுகள் ஆகியவற்றுக்கே தனி அட்டை வேண்டும்.

வேண்டுமென்று தெளிந்த பின் நான்கு செய்திகளை ஆராய்தல் நன்று. முதலாவது, செருகு துளை. 2004 முதல் பரவிய பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் துளையில் பிற்கால அட்டைகளும் பொருந்தும். வேகம் சற்றுக் குறையலாம். அதற்கு முந்தைய ஏ.ஜி.பி. துளையில் அவை பொருந்தா. இரண்டாவது, மின்சாரம். அத்துளை வழியே ஓர் அட்டை பெறக்கூடியது 75 வாட்டு வரையே. அதற்குமேல் வேண்டுமாயின் மின்வழங்கிப் பெட்டியிலிருந்து தனி இணைப்பு வேண்டும். மூன்றாவது, பெட்டியினுள் இடம். குட்டையான பெட்டிக்குக் குட்டையான அட்டையே பொருந்தும். நான்காவது, பழைய தாய்ப்பலகையின் தொடக்க மென்பொருள் புதிய அட்டையை ஏற்குமா என்பது. இவற்றுள் ஒன்று தவறினும் செலவு வீணாகும். மைக்ரோசாப்டு நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவை நிறுத்தியது. அக்குறையை எந்த வரைகலை அட்டையும் தீர்க்காது; லினக்ஸ் போன்ற மாற்று இயக்க மென்பொருளை நாடலாம்.

நம் ஊர்ப் பள்ளிகளிலும் வீடுகளிலும் மூலையில் ஒதுக்கப்பட்ட கணிப்பொறிகள் பல. அவற்றைப் பழம்பொருளென்று எடைக்குப் போடுமுன், ஒருமுறை மூடியைத் திறந்து, என்ன துளை இருக்கிறது, மின்பெட்டியில் எழுதியுள்ள வாட்டு எவ்வளவு, இப்பொறியால் நமக்கு ஆகவேண்டிய பணி யாது என்று மாணவரைக் கொண்டே குறித்து வைக்கச் செய்யுங்கள். மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். அக்குறிப்பைக் கையில் கொண்டு கடைக்குச் செல்பவர் வேண்டாத பொருளை வாங்கார்.