சுமேரிய விளையாட்டு

அரசர் பெயரையும் ஆண்டையும் சிறுவரை மனனஞ் செய்வித்தல் எளிது. களஞ்சியத்தின் முன் நின்ற அரசன் எண்ணியதை அவர்க்கு உணர்த்துதல் அரிது. கணினி விளையாட்டைக் கொண்டு இதனைச் செய்யும் முயற்சி, பலர் கருதுவதுபோல அண்மைக்காலத்தது அன்று. அப்பொறிகள் இல்லங்களிற் புகுமுன்னரே, அமெரிக்காவின் நியூ யோர்க் மாநிலத்து வெஸ்ற்செஸ்ரர் மாவட்டத்தில் அது தொடங்கிவிட்டது.

அம்மாவட்டக் கல்விச் சபையும் ஐ.பி.எம். நிறுவனமும் 1962ஆம் ஆண்டில் இது குறித்து ஆராயத் தொடங்கின. கிரேக்கருக்கு முந்திய நாகரிகங்கள் பாடத்திட்டத்திற் புறக்கணிக்கப்பட்டமையைக் கண்ட புரூஸ் மொங்கிறீவ், சுமேரியாவைப் பொருளாகக் கொள்ளலாம் என்றார். அதனை விளையாட்டாக வகுத்தவர் மேபல் அடிஸ் என்னும் தொடக்கப் பள்ளி ஆசிரியை. கணினிக்குரிய நிரலை எழுதியவர் வில்லியம் மக்கே. முதல் வடிவம் 1964இல் ஆறாம் வகுப்பு மாணவரிடையே பரீட்சிக்கப்பட்டது.

மாணவன் கி.மு. 3500 அளவில் லகாஷ் நகரை ஆளும் லுடுகா என்னும் அரசனாகின்றான். காண்பதற்குத் திரை எதுவும் இல்லை. பெருங்கணினியோடு இணைந்த தட்டச்சுப் பொறி, அரசனுக்கு அமைச்சன் உரைப்பதுபோல், மக்கள் தொகை, நிலம், விளைவு, இருப்பு ஆகியவற்றை அச்சிட்டுத் தரும். உணவுக்கு எத்தனை புசல், விதைக்கு எத்தனை, சேமிப்புக்கு எத்தனை என்பதற்கு அரசனே விடை பகர்தல் வேண்டும். உணவைக் குறைப்பின் மக்கள் மடிவர். விதையைக் குறைப்பின் அடுத்த விளைவு குன்றும். வெள்ளமும் தீயும் முன்னறிவிப்பின்றி வரும். உழவை ஆளத் தெரிந்தபின் கைத்தொழில், அதன்பின் வணிகம் எனப் பாடம் விரியும். 1966இற் செய்த திருத்தத்தில் ஒலிநாடாவும் படவில்லைகளும் சேர்க்கப்பட்டன. பொறி எண்களைக் காட்ட, அவ்வெண்களின் பின்னிருந்த வாழ்வை இவை காட்டின.

லுடுகா கற்பனை அரசனே. லகாஷ் அரசர் பற்றிய எழுத்துச் சான்று அக்காலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிந்தியது. அதனினும் பெரிய குறை, அனைத்தும் அரியணையிலிருந்தே நோக்கப்பட்டமையாகும். பசியால் மடிந்த உழவன் அரசனுக்கு ஓர் எண்ணே. ஆயினும் தன் கட்டளையால் அவ்வெண் குறைந்ததைக் கண்ட சிறுவன், மிகுபொருளே நகரத்தின் அடித்தளம் என்பதை நூலினும் விரைவில் அறிந்திருப்பான்.

இவ்விளையாட்டைப் பற்றிக் கேள்வியுற்ற டக் டைமென்ற், 1968இற் சிறு கணினிக்கேற்பச் சுருங்கிய வடிவம் ஒன்றை எழுதினார். டேவிட் ஆல் அதனைப் பேசிக் மொழிக்கு மாற்றி 1973இல் நூலிற் சேர்க்க, 'ஹமுராபி' என்னும் பெயரோடு அது எங்கும் பரவிற்று. தானியக் கணக்கு எஞ்சியது. கைத்தொழிலும் வணிகமும் படவில்லைகளும் போயின. சுமேரியாவை ஆளப் பாபிலோனிய மன்னன் ஒருவன் வந்தமர்ந்ததும் அப்போதே. அச்செயலைத் தடுக்க வரலாற்றாசிரியர் எவரும் அங்கு இருந்ததாகத் தோன்றவில்லை. அடிஸ் வகுத்த மூல விளையாட்டின் நிரலோ பேணப்படவில்லை. படவில்லைகளும் அச்சுத்தாள்கள் சிலவுமே எஞ்சின.