பொருளியலும் ஆங்கில அணிகளும்

ஆங்கிலத்தில் பொருளாதாரச் செய்தி படிப்பவர்கள், தம்மையறியாமல் அணியிலக்கணத்தையும் சேர்த்தே படிக்கிறார்கள். சந்தை பதற்றமடைகிறது, முதலீடு பாய்கிறது, வளர்ச்சி எதிர்க்காற்றைச் சந்திக்கிறது. பொருளாதாரம் கற்பித்த ஆண்டுகளில், மாணவர்கள் இவற்றை அணிகளாகக் கொள்ளாமல் உண்மைகளாகவே ஏற்பதைக் கண்டிருக்கிறேன்.

இவற்றுள் முதன்மையானது மெட்டஃபர் எனப்படும் உருவகம். ஆடம் ஸ்மித்தின் 'கண்ணுக்குப் புலப்படாத கை' புகழ்பெற்ற சான்று. 1776-இல் வெளியான 'நாடுகளின் செல்வம்' நூலில் அத்தொடர் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது. தன் பாதுகாப்புக் கருதி வணிகன் உள்நாட்டில் முதலிடுவது, அவன் எண்ணாமலேயே சமூகத்துக்கும் நன்மையாகிறது என்று கூறுமிடம் அது. பின்வந்தோர் பலர் அதனைச் சந்தை முழுமைக்குமான விதியாக்கிவிட்டனர்.

'டிரிக்கிள் டவுன்' என்பதும் உருவகமே. மேலே ஊற்றினால் கீழே கசியும் என்கிறது அது. நீரைக் கீழே இழுக்கப் புவியீர்ப்பு உண்டு. செல்வத்துக்கு அத்தகைய விதி இல்லை. மெய்ப்பிக்க வேண்டியதை மெய்ப்பிக்கப்பட்டதாகவே உருவகம் காட்டிவிடுகிறது.

மெட்டானமி நம் ஆகுபெயருக்கு நெருக்கமானது. 'ஊர் சிரித்தது' என்பதுபோல, நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட் என்ற தெருப்பெயர் அமெரிக்க நிதித்துறையையே குறிக்கிறது. 'வால் ஸ்ட்ரீட் அஞ்சுகிறது' எனும்போது அஞ்சுபவர் யாரென்பது மறைந்துவிடுகிறது.

ஆக்சிமோரான் என்பது முரண்பட்ட சொற்களின் சேர்க்கை. 1942-இல் ஷும்பீட்டர் பரவலாக்கிய 'ஆக்கபூர்வ அழிவு', புதிய தொழில்கள் பழையவற்றை வீழ்த்தியே எழுகின்றன என்பதைச் சுருங்கச் சொல்கிறது. 'எதிர்மறை வளர்ச்சி' என்பதும் முரண்தான். ஆனால், அது சரிவு என்ற சொல்லைத் தவிர்ப்பதற்கே பயன்படுகிறது.

யூஃபமிசம் நம் மங்கல வழக்கை ஒத்தது. இறந்தவரைத் 'துஞ்சினார்' என்பது கேட்பவரின் துயரை மதிப்பது. ஆட்குறைப்பை 'ரைட்சைசிங்', அதாவது சரியான அளவாக்கல் என்பதோ, செய்தவரின் பொறுப்பைக் குறைப்பது.

உருவகமின்றிப் பொருளியலை எழுத இயலாது. நாம் அன்றாடம் வழங்கும் 'பணவீக்கம்' என்ற சொல்லே ஆங்கில உருவகத்தின் தமிழ் வடிவம்தானே! எனவே, அணிகளை விலக்க வேண்டியதில்லை. படிக்கும்போது அவற்றை விலக்கிப் பார்த்தால் போதும். செய்பவர் யார், பெறுபவர் யார், இழப்பவர் யார் என்று கேட்க வேண்டும். 'பொருளாதாரத்துக்குக் கசப்பு மருந்து தேவை' என்று அடுத்த முறை படிக்கும்போது, அதை விழுங்கப் போவது எந்தக் குடும்பம் என்றும் கேட்போம்.