ஜூலு: எண்ணப்பட்டதும் விடுபட்டதும்

சரித்திரப் படம் பார்க்கிறவர்களில் ஒரு ரகம் உண்டு. செத்தவன் யார் என்பதில் இல்லை அவர்கள் அக்கறை. அவனைச் சுட்ட துப்பாக்கி எந்த வருஷத்து மாடல் என்பதில். ஸை எண்ட்ஃபீல்ட் இயக்கி 1964இல் வெளிவந்த 'ஜூலு' படத்தின் மேல் இந்த ரகத்தினர் அறுபது வருஷமாகக் குற்றப்பத்திரிகை எழுதிவருகிறார்கள். பிரிட்டனில் விடுமுறை நாட்களில் அது தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் குற்றப்பத்திரிகையில் இரண்டு வரி கூடும்.

சம்பவம் இது. 1879 ஜனவரி 22ஆம் தேதி பிற்பகல். நேட்டால் எல்லையில், பஃபலோ நதிக்கரையில், ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் என்ற மிஷன் ஸ்தலம். பாதிரியின் வீடு ஆஸ்பத்திரியாகவும் தேவாலயம் கிடங்காகவும் மாற்றப்பட்டிருந்தன. உள்ளே நோயாளிகளையும் சேர்த்து சுமார் 150 பேர். வெளியே மூவாயிரம் நாலாயிரம் ஜூலுக்கள். மக்காச்சோள மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் அடுக்கி அரண் கட்டிக்கொண்டு இரவு வரை சண்டை. பிரிட்டிஷ் தரப்பில் 17 பேர் இறந்தார்கள். 11 பேருக்கு விக்டோரியா கிராஸ். இடத்தைச் சுற்றி எண்ணிப் புதைக்கப்பட்ட ஜூலு உடல்கள் 351.

குற்றப்பத்திரிகை பொய்யல்ல. அதிகாரிகள் கையிலிருக்கும் வெப்ளி கைத்துப்பாக்கி முதல் உலக யுத்த காலத்தது. பின்வரிசைச் சிப்பாய்களிடம் அந்தக் காலத்தில் இல்லாத துப்பாக்கிகள் தெரிகின்றன. அந்த ரெஜிமெண்டுக்கு அப்போது வார்விக்ஷயர் பெயர்தான். தென் வேல்ஸ் பெயர் வந்தது 1881இல். அன்று அங்கே வேல்ஸ்காரர்கள் சிறுபான்மை. எனவே படத்தில் அவர்கள் பாடும் வேல்ஸ் போர்ப் பாட்டு, வேல்ஸில் பிறந்த தயாரிப்பாளர்-நடிகர் ஸ்டான்லி பேக்கர் தன் ஊருக்குச் செய்துகொண்ட மரியாதை. திரையில் மலைபோல் நிற்கும் கலர் சார்ஜண்ட் போர்ன், நிஜத்தில் 24 வயது, குள்ளமான ஆள். மூட்டைகளை அடுக்கி அரண் கட்ட யோசனை சொன்னவராகக் கருதப்படும் டால்டன் படத்தில் ஓரமாய் நின்று போகிறார்.

இவற்றில் ஒன்று மட்டும் துப்பாக்கி விஷயம் அல்ல, மனித விஷயம். ஹென்றி ஹூக் என்ற சிப்பாய் படத்தில் குடிகாரன், திருடன், வேலைக்கு டிமிக்கி கொடுத்து ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவன். தீ பிடித்ததும் வீரனாகிறான். நிஜமான ஹூக் மதுவைத் தொடாதவர், நன்னடத்தைப் படி வாங்கியவர், நோயாளிகளைக் காக்க ஆஸ்பத்திரியில் நிறுத்தப்பட்டவர். பின்னாளில் பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்தார். வாசிக்க வருகிறவர்களின் குடைகளைப் பத்திரப்படுத்தும் வேலை. விக்டோரியா கிராஸ் வாங்கிய கை குடை வாங்கிவைத்துக்கொண்டிருந்தது என்பதில் படத்திலிருக்கும் எந்த ஹூக்கையும்விட நல்ல கதை இருக்கிறது. படத்தைப் பார்க்கப்போன அவருடைய வயதான பெண்கள் பாதியில் எழுந்து வெளியேறினார்கள் என்று சொல்வார்கள். நியாயமான கோபம்.

நம் வட்டத்தில் இதற்கெல்லாம் ஒரு தயார் பதில் உண்டு. கலை ஆவணமல்ல, படைப்பாளிக்கு ஒரு போக்கிரி தேவைப்பட்டான், ஒருவனைப் போக்கிரியாக்கினான், தகவல் பிழையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவன் ரசனையற்றவன். இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. துப்பாக்கி எண்ணுகிறவனை எனக்கும் பிடிக்காதுதான். ஆனால் அவன் கேள்வி தப்பில்லை. அதைத் தப்பான இடத்தில் கேட்கிறான். 'இப்படி நடந்ததா?' என்று திரையில் தெரிவதைப் பார்த்து மட்டுமே அவன் கேட்கிறான். திரைக்கு வராமல் போனதைப் பற்றி அவனுக்குக் கேள்வியே எழுவதில்லை. நான் பிழைப்புக்குச் செய்யும் தொழிலில் இது தினசரி விவகாரம். ஒரு வவுச்சரில் எண்ணை மாற்றி எழுதினால் சாயங்காலமே பிடிபட்டுவிடும். வவுச்சரையே போடாமல் விட்டுவிட்டால் பற்றும் ஏறாது, வரவும் ஏறாது. டிரையல் பாலன்ஸ் அழகாக டாலி ஆகும்.

படத்தில் பலரும் கொண்டாடும் ஒரு இடம். தாக்குதலுக்கு முந்திய மௌனத்தில் ஒரு இளம் சிப்பாய், ஏன் நாம், என்று கேட்கிறான். இங்கே இருப்பது நாம்தான், வேறு யாருமில்லை என்கிற மாதிரி சார்ஜண்ட் பதில் சொல்கிறார். நண்பர்கள் சிலருக்கு இந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கிறது. மனித இருப்பின் அபத்தம், காரணமற்று எறியப்பட்ட நிலை, இத்யாதி. காம்யூவைப் படித்தவன் இந்தப் பதிலை அடையாளம் கண்டுகொண்டு சந்தோஷப்படுவது இயற்கை. ஆனால் சிப்பாயின் கேள்விக்குத் தேதியோடு கூடிய பதில் ஒன்று இருந்தது.

தேதி 1878 டிசம்பர் 11. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ஹைகமிஷனராக இருந்த ஸர் பார்ட்டில் ஃப்ரியர் அன்று ஜூலு அரசன் செட்ஷ்வாயோவுக்கு ஒரு இறுதி எச்சரிக்கை அனுப்பினார். (நமக்குத் தெரிந்த ஃப்ரியர்தான், 1862 முதல் 1867 வரை பம்பாய் கவர்னர்.) ஜூலு ராணுவ அமைப்பைக் கலைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த அமைப்பின் மேல்தான் அவர்களுடைய கல்யாணம், விவசாயம், அரசாட்சி எல்லாமே நின்றன. ஒப்புக்கொள்ள முடியாத நிபந்தனை. ஒப்புக்கொள்ள முடியாது என்பதற்காகவே எழுதப்பட்டது. ஆஃப்கன் யுத்தத்தில் மாட்டிக்கொண்டிருந்த லண்டன் அரசாங்கம் இன்னொரு யுத்தத்தை விரும்பவில்லை. அதன் சம்மதத்துக்கு ஃப்ரியர் காத்திருக்கவில்லை. கெடு முடிந்ததும், 1879 ஜனவரி 11ஆம் தேதி, லார்ட் செல்ம்ஸ்ஃபோர்டின் படை எல்லையைத் தாண்டியது. ஏன் நாம் என்றால் இதனால்தான். இதில் அபத்தம் ஏதுமில்லை. ஒரு ஆபீஸில் உட்கார்ந்து ஒருவர் எழுதிய கடிதம்.

படம் இங்கே தொடங்கவில்லை. ஜனவரி 22 காலை இஸாண்ட்ல்வானாவில் பிரிட்டிஷ் தரப்பில் 1300 பேருக்கு மேல் கொல்லப்பட்டதைத் தெரிவிக்கும் செல்ம்ஸ்ஃபோர்டின் அறிக்கையை ரிச்சர்ட் பர்ட்டனின் குரல் வாசிக்க, பிணங்கள் கிடக்கும் வெளியில் தொடங்குகிறது. அதாவது படையெடுத்து வந்தவன் முதல் காட்சியிலேயே தாக்கப்பட்டவனாகிவிடுகிறான். பிறகு எத்தனை துப்பாக்கியைச் சரிசெய்தாலும் கணக்கு அந்த இடத்திலிருந்துதான் ஓடும்.

ஜூலுக்களைப் படம் அழகாகக் காட்டுகிறது. அவர்களுடைய ஒழுங்கு, கேடயத்தில் எழும் ஓசை, குன்றின் விளிம்பில் வரிசையாக எழும் தலைகள், எல்லாவற்றிலும் மரியாதை இருக்கிறது. ஆனால் அன்று வந்தவர்களில் பெரும்பகுதி உதுல்வானா முதலிய படைப்பிரிவுகளைச் சேர்ந்த, நாற்பதைத் தாண்டிய, தலையில் வளையம் தரித்த குடும்பஸ்தர்கள். காலையில் இஸாண்ட்ல்வானாவில் பின்படையாக நிறுத்தப்பட்டதால் சண்டை கிடைக்காதவர்கள். நனையாத ஈட்டியோடு ஊர் திரும்ப வெட்கப்பட்டவர்கள். நேட்டாலுக்குள் நுழையாதே என்று அரசன் சொல்லியிருந்தும் அவனுடைய மாற்றாந்தாய்ச் சகோதரன் டபுலமான்சி அவர்களை நதி தாண்டி நடத்திவந்தான். வெட்கம், வயது, கட்டளை மீறல். இதைவிட ஒரு நாடகாசிரியனுக்கு என்ன வேண்டும்? ஹூக்குக்கு ஒரு போக்கிரித்தனத்தைக் கற்பித்துக்கொடுத்த படம், இவர்களுக்கு நிஜமாகவே இருந்த மனசை எடுத்துக்கொள்ளவில்லை.

விடியலுக்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமான விடுபடல். படத்தில் ஜூலுக்கள் குன்றின் மேல் வரிசையாக நின்று, எதிரியின் வீரத்தைப் பாராட்டிப் பாடிவிட்டுப் போகிறார்கள். அப்படி ஒன்று நடக்கவேயில்லை. காலையில் அவர்கள் தூரத்தில் தென்பட்டார்கள். செல்ம்ஸ்ஃபோர்டின் மிச்சப் படை வருவதைக் கண்டு விலகினார்கள். அதன் பின் வெளியில் குற்றுயிராகக் கிடந்த ஜூலுக்கள் கொல்லப்பட்டார்கள். இஸாண்ட்ல்வானாவில் உயிர் தப்பிய ஸ்மித்-டொரியன் என்ற இளம் அதிகாரி, பிற்காலத்தில் ஜெனரலாகி 1925இல் எழுதிய நினைவுக் குறிப்பில் இதைப் பதிவுசெய்திருக்கிறார். தோல்வார் காயப்போட அவர் நட்டுவைத்திருந்த சட்டத்தில், திரும்பி வந்தபோது இரண்டு ஜூலுக்கள் தூக்கில் தொங்கினார்களாம்.

திரைக்கதையில் பங்கு கொண்டவர் ஜான் ப்ரெபிள். 1746இல் கல்லோடன் போரில் தோற்றுக் காயம்பட்டுக் கிடந்த ஸ்காட்டிஷ் மலைநாட்டவர்கள் எப்படிக் கொல்லப்பட்டார்கள் என்று 1961இல் புஸ்தகம் எழுதியவர் அவர். எண்ட்ஃபீல்ட், இடதுசாரி என்று அமெரிக்காவில் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு இங்கிலாந்துக்கு வந்தவர். அறியாதவர்கள் அல்ல, தீயவர்களும் அல்ல. அவர்கள் நல்லெண்ணத்தோடு கண்டுபிடித்ததுதான் அந்தப் பாராட்டுப் பாட்டு. எனக்கு இந்த நல்லெண்ணம்தான் சகிக்கவில்லை. காயம்பட்டவனைக் கொன்றதை மறைத்ததோடு நிற்காமல், அவன் கூட்டத்தாரிடமே 'கணக்கு தீர்ந்தது' என்று ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறது படம்.

ஹூக்கின் பெண்கள் எழுந்து வெளியேற முடிந்தது. உட்கார ஒரு நாற்காலி இருந்ததால்தான் எழ முடிந்தது. ட்ராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் எடுக்கப்பட்ட இந்தப் படத்தை, நடித்த ஜூலுக்களுக்கென்று நடந்த சில தனிக்காட்சிகள் தவிர, தென்னாப்பிரிக்கக் கறுப்பர்கள் பார்க்க அன்றைய நிறவெறி அரசு அனுமதிக்கவில்லை. செட்ஷ்வாயோவாக நடித்தவர் அவருடைய கொள்ளுப்பேரன் மங்கோசுது புதெலெசி. பிற்காலத்தில் இன்காத்தா இயக்கத் தலைவர், 1994இல் மந்திரி, 2023இல் காலமானார். பார்வையாளர் அபிப்பிராயம் என்று அறுபது வருஷமாகச் சேர்ந்திருப்பதைப் படிக்கும்போது, டிக்கெட் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்வது உத்தமம்.

விடுபட்ட வவுச்சர் பிறகு போடப்பட்டது. 1979இல் 'ஜூலு டான்' வந்தது. திரைக்கதையில் அதே எண்ட்ஃபீல்ட். ஃப்ரியர் வருகிறார், இறுதி எச்சரிக்கை வருகிறது, படை எல்லை தாண்டுவது தெரிகிறது, இஸாண்ட்ல்வானா முழுசாக நடக்கிறது. முதல் படத்துக்கு வந்த கூட்டம் இதற்கு வரவில்லை. வந்தவர்கள் பெரிதாக விவாதித்தது ஃப்ரியரைப் பற்றியல்ல. தோட்டாப் பெட்டிகளைப் பற்றி. பெட்டிகளைத் திறக்கத் தாமதமானதால்தான் தோல்வி வந்ததா, மூடியைப் பிடித்திருந்தது ஒரு திருகாணியா, பல திருகாணிகளா என்று.