தீக்கடைகோல்: ஒரு வினைச்சொல் காத்த வரலாறு

பண்டை மனிதன் இரு கட்டைகளை உரசித் தீ உண்டாக்கினான் என்று இன்று எழுதுகிறோம். நம் முன்னோரோ தீயைக் ‘கடைந்தனர்’ என்றனர். அதற்குரிய கருவியைத் தீக்கடைகோல் என்றனர். இவ்விரு வினைகளின் வேறுபாட்டையே இங்கு நாம் ஆராய்கிறோம்.

கடைதலாவது, தயிரில் மத்தைச் சுழற்றுவது போல, ஒரு கோலை முன்னும் பின்னுமாகச் சுழற்றுதல். காட்டில் தீ உண்டாக்குவோர் செய்வதும் அதுவே. உலர்ந்த மென்கட்டையில் குழி செய்து, அதன் ஓரத்தில் சிறு வெட்டு இடுவர். குழியில் கோலை நிறுத்தி, உள்ளங்கைகளுக்கு இடையே அழுத்திச் சுழற்றுவர். தேய்ந்து உதிரும் கரிய துகள் வெட்டில் திரண்டு, புகைந்து, கனலும். அக்கனலை உலர்ந்த நாரில் இட்டு ஊதினால்தான் சுடர் எழும். துகள் கலைந்தாலோ ஈரம் பட்டாலோ உழைப்பு முழுதும் வீணாகும்.

சங்க நூல்களில் இக்கோலுக்கு ஞெலிகோல் என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயன், கைவருந்தி ஞெலிகோலால் தீக்கொண்டு, அக்கொள்ளியால் குழலுக்குத் துளையிடுகிறான். புறநானூற்றின் 315ஆம் பாட்டில் ஔவையார், வீட்டு இறப்பில் செருகிவைத்த ஞெலிகோலை அதியமான் நெடுமான் அஞ்சிக்கு உவமையாக்குகிறார். தோன்றாது அடங்கியிருக்கவும், வேண்டுங்கால் தீயென வெளிப்படவும் அவன் வல்லவன். அவ்வுவமை உடனே விளங்க வேண்டுமாயின், கேட்டோர் அக்கோலைத் தம் வீடுகளில் கண்டிருத்தல் வேண்டும்.

நாம் வாழும் தென்கிழக்காசியாவில் வேறொரு முறையும் வழங்கிற்று. பிளந்த மூங்கிலின் குறுக்கே மற்றொரு மூங்கிலின் விளிம்பை வைத்து, ரம்பம் போல் இழுத்துத் தீ உண்டாக்கினர். அஃது அறுத்தல், கடைதல் அன்று. இரண்டையும் ‘உரசுதல்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கினால் செய்முறை மறைந்துவிடுகிறது.

இம்மயக்கம் எங்கிருந்து வந்தது? 1827இல் இங்கிலாந்தில் ஜான் வாக்கர் உரசு தீக்குச்சியை விற்கத் தொடங்கினார். பின்னர்த் தீப்பெட்டி எங்கும் பரவவே, கடைகோல் வீட்டினின்றும் நீங்கியது. குச்சியை உரசிப் பழகிய நாம், அவ்வினையையே பழங்காலத்தின் மீதும் ஏற்றிவிட்டோம் என்று கருதுகிறோம்.

அறிவியல் பாடங்களைத் தமிழில் எழுதும் இளையோரிடம் நாம் வேண்டுவது இதுவே: ‘உரசினான்’ என்று எழுதுமுன், கை என்ன செய்தது என்று வினவுங்கள். கோலைச் சுழற்றியிருப்பின், ‘தீக்கடைந்தான்’ என்றே எழுதுங்கள்.